விடுதிச் சீட்டில் பத்து இடங்கள்... நம் பெயர் எங்கே?



என் அக்காள் மகள் கோலாலம்பூர் நகர மையத்தில் ஒரு பெரிய தங்கும் விடுதியில் அறை துப்புரவு வேலை செய்கிறாள். ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகள். படுக்கை விரிப்பை மாற்றி, குளியலறையைத் தேய்த்துக் கழுவி, கடைசியாக மேசை மேல் ஒரு வண்ணச் சீட்டை நேராக வைத்துவிட்டு வர வேண்டும். "விடுதிக்கு அருகில் பார்க்க வேண்டிய இடங்கள்" என்பது அந்தச் சீட்டின் தலைப்பு. ஆங்கிலத்தில் இருக்கிறது, சீனத்தில் இருக்கிறது, அரபு மொழியிலும் இருக்கிறது. தமிழில் இல்லை.

கசங்கிப்போன சீட்டு ஒன்றை ஒரு நாள் பிள்ளைகளுக்குப் படம் காட்ட வீட்டுக்குக் கொண்டு வந்தாள். பத்து இடங்கள், பத்துப் படங்கள். 78 வயதான என் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். புத்ராஜெயா ஏரியில் படகு போகும் படத்துக்கு வந்ததும் விரலை வைத்தார்.

"இது பிராங் புசார் தோட்டம்லே? என் சித்தி வாக்கப்பட்டுப் போன எடம். இங்க எங்கடா வந்துச்சு தண்ணி?"

பிள்ளைகள் சிரித்தன. "பாட்டி, அது புத்ராஜெயா. தோட்டம் எல்லாம் கிடையாது" என்றான் ஒரு பயல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால்மரம் வெட்டிய பாட்டிக்குத் தெரிந்த வரலாறு, அந்தச் சீட்டுக்கும் தெரியவில்லை, நம் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியவில்லை. அன்றிரவு அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

சுற்றுப்பயணிகள் மேல் நமக்குக் கோபம் இல்லை. வரட்டும், பார்க்கட்டும், படம் எடுக்கட்டும். நம் கேள்வி வேறு. இந்த நகரத்தைக் காசு கொடுத்துப் பார்க்க வருகிறவனுக்கு, இதை உருவாக்கிய உழைப்பாளியின் கதையை ஏன் சொல்ல மறுக்கிறார்கள்? நம் உழைப்பு வேண்டும், நம் கோவில் வேண்டும், நம் சாப்பாடு வேண்டும், நம் வண்ணம் வேண்டும். நாம் மட்டும் வேண்டாமா?

*ரயில் நிலையமும் செங்கல் வயலும்*

சீட்டில் முதல் வரிசையிலேயே பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம் இருக்கிறது. 1910-இல் திறக்கப்பட்டது, ஹப்பேக் என்ற ஆங்கிலேயர் வரைந்தது, மொகலாயர் பாணிக் குவிமாடங்கள் கொண்டது என்று போட்டிருக்கிறார்கள். மஸ்ஜிட் ஜாமேக் பள்ளிவாசலுக்கும் அவரே வரைபடம் போட்டார் என்ற தகவலும் இருக்கிறது. எல்லாம் உண்மைதான்.

ஆனால் நிலையம் இருந்தால் மட்டும் ரயில் ஓடிவிடுமா? தண்டவாளம் யார் போட்டது? இந்த நாட்டின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதற்கு இலங்கையிலிருந்து தொழிலாளர் படையையே கொண்டு வந்தார்கள். மறு ஆண்டு, 1886-இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் பாதை வந்தது. அதன் பிறகு காட்டை வெட்டி, சதுப்பில் கல் கொட்டி, கட்டை அடுக்கி, இரும்பைத் தோளில் சுமந்து பாதை போட்டவர்களில் பெரும்பங்கு தென்னிந்தியத் தமிழர்கள். மலேரியாவில் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

குவிமாடத்தின் பாணி இந்தியாவிலிருந்து வந்தது என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, பாதை போட்ட கைகளும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவை என்று எழுதத் தெரியவில்லை!

அடுத்த படம் பிரிக்பீல்ட்ஸ், "லிட்டில் இந்தியா". 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்புக் கூரை வேண்டாம், செங்கல்லிலும் ஓட்டிலும் கட்டுங்கள் என்று ஆட்சியாளர்கள் உத்தரவிட்டார்கள். செங்கல் சூளைகள் இருந்த இடம் அது. அதனால்தான் அந்தப் பெயர். பின்னர் ரயில்வே பட்டறையும் சரக்கு வளாகமும் வந்தன. ரயில்வே ஊழியர்களாகத் தமிழர்களும் யாழ்ப்பாணத்தவரும் குடியேறினார்கள். செந்தூலிலும் அதே கதைதான். ரயில்வே பட்டறை வந்தது, தமிழர் குடியிருப்பு வந்தது.

அந்தச் சரக்கு வளாக நிலத்தில்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. இன்று அங்கே ஐந்து நட்சத்திர விடுதிகளும் வானுயர்ந்த அலுவலகங்களும் நிற்கின்றன. எதிர்ப்புறம் நமக்கு என்ன கிடைத்தது? 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் வந்து "லிட்டில் இந்தியா"வைத் திறந்து வைத்தார்கள். வண்ண வளைவு, யானைச் சிலை வைத்த நீரூற்று, அலங்கார விளக்குக் கம்பம். 2015 நவம்பரில் பிரதமர் மோடி வந்தார், தோரண வாயில் திறந்தார்.

வளைவு அழகாகத்தான் இருக்கிறது. நாம் கேட்பது ஒன்றுதான். ஒரு வட்டாரத்துக்கு உயிர் கொடுப்பது வளைவா, அங்கே வாழும் மனிதனா? பூக்கட்டும் அம்மாவும், இடியாப்பம் விற்கும் பாட்டியும், கிளி ஜோசியக்காரரும் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறிவிட்டால், வளைவுக்குக் கீழே யார் மிச்சம்? நம்மை வெளியே அனுப்பிவிட்டு நம் நிறத்தை மட்டும் சுவரில் பூசி வைப்பதற்குப் பெயர் அங்கீகாரமா?

அந்த வட்டாரத்தின் பெரிய சாலைக்கு ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர். சுற்றுப்பயணிக்கு அது வெறும் சாலைப் பெயர். நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலத்தில், தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாதம் 10 வெள்ளி என்று கட்டி, தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கினார்கள். நாள் சம்பளம் சில வெள்ளியாக இருந்த காலத்துப் பத்து வெள்ளி அது! நம்மவர்களுக்கு ஒன்றுசேரத் தெரியாது என்று சொல்கிறவர்கள் அந்தச் சாலையில் நடக்கும்போதாவது வாயை மூடிக்கொள்ளட்டும்.

*கோவிலும் குகையும்*

பெட்டாலிங் தெருவுக்குப் பக்கத்தில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். 1873-இல் தம்புசாமிப் பிள்ளை குடும்பத்தார் தோற்றுவித்தது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படுகிறது. பத்துமலையில் முருகனை வைத்து வழிபாடு தொடங்கியவரும் தம்புசாமிப் பிள்ளைதான். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. 2006 ஜனவரியில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை திறக்கப்பட்டது. 2018-இல் 272 படிகளுக்கும் வானவில் நிறம் அடித்தார்கள். இன்று மலேசியா என்று தேடினால் முதலில் வரும் படங்களில் இந்தப் படிக்கட்டும் ஒன்று.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "வண்ணமயமான படிகள், குறும்புக் குரங்குகள், சுண்ணாம்புக் குகை." தமிழர் என்ற சொல்லே இல்லை! குரங்குக்கு இடம் இருக்கிறது, தோளில் காவடி எடுத்து அந்த மலையை நூறு ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு வைத்திருக்கும் மனிதனுக்கு இடம் இல்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாமே நம் வரலாற்றைச் சொல்லும்போதும் பணக்காரர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். பிள்ளைவாள் பெயர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மரப்படி போட்ட காலத்தில் பலகை சுமந்தவன் யார்? தோட்டத்தில் ஒரு நாள் கூலியை வெட்டுக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறி வந்து, உண்டியலில் பத்து சென் போட்டுவிட்டுப் போன கோடானுகோடிக் கைகள் யாருடையவை? அந்தச் சென்னில்தான் கோபுரம் எழுந்தது.

இப்போது மஸ்ஜிட் இந்தியா பக்கம் வாருங்கள். "துணிக்கடை, இரவுச் சந்தை, நாசி கண்டார்" என்று சீட்டு அழைக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணமான பள்ளிவாசல் நம் இந்திய முஸ்லிம் சகோதரர்கள் எழுப்பியது. அதுவும் நம் வரலாறுதான். அதே வட்டாரத்தில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம், ஏறக்குறைய 130 ஆண்டுப் பழமை வாய்ந்தது. 2014-இல் கோலாலம்பூர் மாநகர் மன்றம் அந்த நிலத்தைத் தனியார் துணி நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. கோவில் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது! 2025 மார்ச்சில், அந்த நிலத்தில் புதிய பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோதுதான் நாட்டுக்கே விசயம் தெரிந்தது. ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளி வேறு இடம் தருவதாக உடன்பாடு செய்தார்கள்.

பள்ளிவாசல் வேண்டாம் என்று நாம் ஒருபோதும் சொல்லவில்லை. தொழுகை செய்கிறவனோடு நமக்கு என்ன பகை? நம் கேள்வி நிலத்தை விற்றவர்களிடம். ஒரு கோவில் நின்றுகொண்டிருக்கும் நிலத்தை விற்கும் முன், அதில் கும்பிடுகிறவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? சுற்றுலாப் படத்துக்கு வேண்டியபோது அது "பாரம்பரியம்". பட்டா கேட்டால் மட்டும் "அனுமதியின்றிக் கட்டப்பட்டது". எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது இந்த நியாயம்?

வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்திலும் ரயில்வேயிலும் வேலை செய்தவன் நிலத்துக்கு மனு போட்டுவிட்டா சூலம் நட்டான்? முதலாளி "கும்பிட்டுக்கொள்" என்றான், கும்பிட்டான். முதலாளி மாறினான், நிலம் கை மாறியது. ஒரு நாள் காலையில் கோவில் "சட்டவிரோதம்" ஆகிவிட்டது. இதுதான் இந்நாட்டுப் பழைய கோவில்கள் பலவற்றின் கதை.

*கோபுரத்தின் அடிவாரத்தில் நடந்தது*

சீட்டின் அட்டைப்படமே பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம்தான். 452 மீட்டர், 88 மாடி, 1999-இல் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து சில நிமிட நடையில் ஜாலான் அம்பாங்.

2007-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு. "மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு" என்று உலகெல்லாம் விளம்பரம். தொலைக்காட்சி விளம்பரத்தில் பட்டுச்சேலை கட்டி நம் பெண் பரதம் ஆடினாள். அதே ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. ஒரு கையால் ஆடச் சொன்னார்கள், மறு கையால் கோவிலை இடித்தார்கள்.

நவம்பர் 25. ஞாயிற்றுக்கிழமை. அப்போது ஜாலான் அம்பாங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் மகஜர் கொடுக்க இண்ட்ராஃப் அழைத்தது. எங்களை இங்கே கொண்டு வந்தவன் நீ, எங்களுக்குப் பாதுகாப்பில்லாமல் விட்டுப் போனவனும் நீ என்று பிரிட்டிஷ் அரசிடம் கேட்கும் மகஜர். முதல் நாள் இரவே பத்துமலையில் கூடியவர்கள் மேல், கோவில் வளாகத்துக்குள்ளேயே, நீர் பீய்ச்சினார்கள், கண்ணீர்ப் புகை அடித்தார்கள். விடிந்ததும் இரட்டைக் கோபுரத்தின் நிழலில் அதே காட்சி. தோட்டத்திலிருந்தும் புறம்போக்கிலிருந்தும் அடுக்குமாடியிலிருந்தும் வந்த பல்லாயிரம் பேர், காந்தி படத்தைக் கையில் ஏந்தி நின்றார்கள். ரசாயனம் கலந்த நீரில் நனைந்தார்கள். பலர் கைது செய்யப்பட்டார்கள். டிசம்பரில் ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றி உள்ளே தள்ளப்பட்டார்கள். 2008 மார்ச் 8 தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. 2012-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

இந்நாட்டு வரலாற்றைத் திருப்பிய அந்த இடத்தில் ஒரு கல்லாவது நட்டிருக்கிறார்களா? சுற்றுப்பயணி அங்கே நின்று கோபுரத்தைப் படம் எடுக்கிறான். அவன் காலடியில் என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லை. சரி, அவன் வெளியூர்க்காரன். நம் பிள்ளைகள் அங்கே போய்க் கடைகளைச் சுற்றிவிட்டு, பூங்காவில் நீர் நடனம் பார்த்துவிட்டு வருகிறார்களே, அவர்களுக்காவது சொன்னோமா?

*ஏரிக்குக் கீழே ஒரு தோட்டம்*

இப்போது அம்மா விரல் வைத்த படத்துக்கு வருகிறேன்.

விடுதியிலிருந்து அரை நாள் சுற்றுலா, புத்ராஜெயா. இளஞ்சிவப்புப் பள்ளிவாசல், ஏரி, பாலங்கள், படகு. 1995-இல் அந்த நகரத்துக்கு வேலை தொடங்கும் முன் அந்த மண்ணுக்கு என்ன பெயர்? பிராங் புசார் தோட்டம். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் படை அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தோட்டம். பெரும் போர் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். ரப்பர் உலகில் மிகப் புகழ் பெற்ற பெயர் அது. பி.பி. 260 போன்ற ஒட்டு ரகங்களில் வரும் "பி.பி." என்ற இரண்டெழுத்து பிராங் புசாரைத்தான் குறிக்கிறது. அந்த மண்ணில் நம்மவர்கள் நட்டு வளர்த்துச் சீவிப் பார்த்து உருவான கன்றுகளின் வம்சம் பல நாடுகளில் பால் கொடுக்கிறது. அந்த மரத்துக்குப் பரம்பரைப் பெயர் இருக்கிறது. அதை வளர்த்தவனுக்கு?

பிராங் புசார், காலோவே, செட்ஜ்லி, மெடிங்லி என்ற தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள், நிர்வாகத் தலைநகருக்காக எழுப்பப்பட்டன. டிங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற அடுக்குமாடியில் குடி வைக்கப்பட்டன. மாடு வளர்த்தவனுக்கும் கறிவேப்பிலை நட்டவனுக்கும் நாலு சுவர். அந்தச் சுவரிலும் விரிசல். தரை வீடு கேட்டு அவர்கள் மனு மேல் மனு போட்டார்கள், மறியல் செய்தார்கள். அதற்கான திட்டத்தை அரசு அறிவிக்கவே கால் நூற்றாண்டு பிடித்தது. நாட்டின் மிக அழகிய நகரம் எழுந்து, ஏரி நிரம்பி, மரங்கள் வளர்ந்து நிழலும் கொடுத்துவிட்டன. அந்த மண்ணின் பழைய குடிக்கு மட்டும் ஒரு தரை வீடு கட்ட நேரம் கிடைக்கவில்லை!

புக்கிட் ஜாலிலும் அப்படித்தான். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்குக் கட்டிய அரங்கம் தெரியும். அது புக்கிட் ஜாலில் தோட்டத்து மண் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2011-இல் அங்கே எஞ்சியிருந்த 41 குடும்பங்கள் கேட்டது வெறும் 4 ஏக்கர். அதற்கும் போராட வேண்டியிருந்தது. பினாங்கில் கம்போங் புவா பாலா, 2009-இல் தரைமட்டம். நகரம் வளரும்போதெல்லாம் நாம்தான் வழிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டமா?

*விடுதிக்குள்ளேயே ஒரு கதை*

வெளியே இருக்கும் பத்து இடங்களைப் பேசினேன். பதினோராவது இடம் அந்த விடுதியே.

வெளிநாட்டுப் பயணி ஓர் அறையில் ஓர் இரவு தங்கினால் 10 வெள்ளி சுற்றுலா வரி, 2017 செப்டம்பர் முதல். பல விடுதிகள் பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சேர்க்கின்றன. அந்தச் சேவையைச் செய்வது யார்? படுக்கை விரிப்பவள், தட்டு கழுவுகிறவன், பெட்டி தூக்குகிறவன்.

2013-இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று நடைமுறைக்கு வந்தபோது சில விடுதி முதலாளிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். தொழிலாளிக்குச் சேர வேண்டிய சேவைக் கட்டணத்தையே எடுத்து, அதைச் சம்பளத்தில் சேர்த்து, "பார், 900 வெள்ளி ஆகிவிட்டது" என்றார்கள். தன் பணத்தைத் தன் கையிலேயே சம்பளம் என்று கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன? விடுதித் தொழிலாளர் சங்கம் விடவில்லை. தொழில் நீதிமன்றம் முதல் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேவைக் கட்டணம் தொழிலாளிக்கு உரியது, அதைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது. இது சங்கத்தின் வெற்றி. எல்லா இனத் தொழிலாளருக்குமான வெற்றி.

ஆனால் என் அக்காள் மகளுக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு சென்னும் வரவில்லை. ஏன்? அவள் உடுத்தியிருப்பது விடுதிச் சீருடை, ஆனால் சம்பளம் கொடுப்பது ஒரு துப்புரவுக் குத்தகை நிறுவனம். விடுதி ஊழியர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அதனால் சேவைக் கட்டணத்தில் பங்கில்லை. குத்தகை மாறும்போது அவளும் புது ஆள் ஆகிவிடுவாள். பத்து ஆண்டு வேலை செய்தாலும் முதல் ஆண்டுச் சம்பளம், முதல் ஆண்டு விடுப்பு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அவளுக்கும் அதுதான், அதற்கு மேல் எதுவும் இல்லை.

கங்காணி முறையில் 1938 வரை ஆள் கொண்டு வந்தார்கள். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவே ஒருவன் நிற்பான், பொறுப்பு யாருக்கும் இருக்காது. இன்றைய குத்தகை முறைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? கங்காணி தலைப்பாகை கட்டியிருந்தான், இவன் கழுத்துப்பட்டை கட்டியிருக்கிறான். அவ்வளவுதான்.

*"பழையதைப் பேசி என்ன பயன்?"*

இப்படிக் கேட்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். "சுற்றுலா வளர்ந்தால் வேலை வரும், நமக்கும் பிழைப்பு. எதற்கு இந்த வம்பு?" என்கிறார்கள்.

வேலை வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? 2026-ஐயும் மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு என்று அரசு அறிவித்தது. ஆனால் எந்த வேலை? வழிகாட்டி உரிமம் எத்தனை தோட்டத்துப் பிள்ளைகளிடம் இருக்கிறது? பத்துமலைக்குப் பேருந்து ஓட்டிச் சம்பாதிக்கும் நிறுவனங்களில் நம்முடையவை எத்தனை? நம் வரலாற்றை வைத்து மற்றவன் சம்பாதிக்க, நமக்குத் துடைப்பம் மட்டும் என்றால் அது பிழைப்பு இல்லை, ஏமாளித்தனம். வரலாறு தெரியாதவனைத் துடைப்பத்தோடு நிறுத்துவது எளிது. "நீ நேற்று வந்தவன்" என்று சொன்னால் தலைகுனிந்து கேட்டுக்கொள்வான். வரலாறு தெரிந்தவன் நிமிர்ந்து பார்ப்பான்.

இன்னொரு சமாதானம், "நம்மவர்களே நம் சொத்தை விற்கிறார்கள், பிறரைச் சொல்லி என்ன?" என்பது. ஓரளவு உண்மை, மறைக்க வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமம் 1904-இல் கட்டியது. 2014-இல் அதன் நிர்வாகிகளே அந்த வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பத் திட்டமிட்டார்கள். என்ன நடந்தது? மக்கள் கையெழுத்து திரட்டினார்கள், வாசலில் கூடினார்கள், கேள்வி கேட்டார்கள். 2016-இல் அது பாரம்பரியத் தளமாக அரசுப் பதிவில் ஏறியது. இன்றும் அங்கே நிற்கிறது. இதில் பாடம் என்ன? பறிப்பவன் வெளியாளோ நம் ஆளோ, மக்கள் வாய் திறந்தால் நிற்கும், வாய் மூடினால் போகும்.

*நாம் கேட்பது*

பிச்சை கேட்கவில்லை. சலுகை கேட்கவில்லை. உரியதைக் கேட்கிறோம்.

1. ரயில் நிலையம், பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பத்துமலை, புத்ராஜெயா, புக்கிட் ஜாலில் ஆகிய இடங்களில் வரலாற்றுப் பலகை வைக்க வேண்டும். உழைத்த தமிழ்த் தொழிலாளர் கதை, தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அதில் இருக்க வேண்டும்.

2. நூறாண்டு கடந்த ஆலயங்களின் நிலத்துக்கு முறையான பதிவு வேண்டும். நிலம் கை மாறும் முன் வழிபடுவோரிடம் பேச வேண்டும்.

3. நகர வளர்ச்சிக்காக இடம்பெயர்ந்த தோட்டக் குடும்பங்களுக்குக் கொடுத்த வாக்குறுதியை வீடாகக் கட்டிக் கையில் கொடுக்க வேண்டும். அறிவிப்பு போதாது.

4. விடுதிகளில் குத்தகை முறையை ஒழித்து, அங்கே வேலை செய்கிறவரை அந்த விடுதியின் ஊழியராகவே சேர்க்க வேண்டும். சேவைக் கட்டணத்தில் பங்கு தர வேண்டும்.

5. சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சியில் நம் இளைஞர்களுக்குக் கட்டண உதவியோடு இடம் வேண்டும். நம் கதையை நாமே சொல்ல வேண்டும்.

அரசிடம் கேட்பது இவ்வளவு. நம்மிடமும் ஒன்று கேட்க வேண்டும், உறவுகளே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். பெரிய செலவில்லை, ரயில் கட்டணமும் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும் போதும். பழைய ரயில் நிலையத்தில் இறங்கித் தண்டவாளத்தைக் காட்டுங்கள். மாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு ஜாலான் துன் சம்பந்தனில் நடங்கள். இரட்டைக் கோபுரத்தடியில் நின்று 2007 நவம்பர் 25-ஐச் சொல்லுங்கள். நீங்களே அன்று அங்கே இருந்திருந்தால், கண் எரிந்த கதையைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். அவர்கள் எந்தத் தோட்டம், எந்த லயம், எத்தனை மணிக்குப் பிரட்டு என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இன்று எழுதாவிட்டால் அவர்களோடு போய்விடும்.

நாங்கள் போய் வந்தோம். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துப் புத்ராஜெயா ஏரிக்கரையில் நிறுத்தினோம். வெகுநேரம் பார்த்தார். "கோயில் அந்தப் பக்கம், அஞ்சாம் நம்பர் லயம் இந்தப் பக்கம்" என்று தண்ணீரைக் காட்டினார். முன்பு சிரித்த அதே பயல் இந்த முறை சிரிக்கவில்லை. "பாட்டி, இன்னும் என்ன இருந்துச்சு?" என்று கேட்டான்.

அவன் கேட்கத் தொடங்கிவிட்டான். உங்கள் பிள்ளையையும் கேட்க வையுங்கள். கேள்வி கேட்கும் தலைமுறையின் நிலத்தை யாரும் சத்தமில்லாமல் விற்க முடியாது.

உழைத்தவன் பெயரை எழுதும் வரை ஓயமாட்டோம்! விழித்திருப்போம்! ஒன்றுபட்டிருப்போம்!